கூடப் படித்த இருபத்தொன்பது பேர்

ஒச்சப்பன் இணையப் படிப்பிலிருந்து ஏற்கெனவே மூன்று முறை ஓடியவன். முதல் முறை இரண்டாவது வாரத்தில் ஓடினான். அடுத்த முறை முதல் வாரத்திலேயே. மூன்றாவது முறை கடவுச்சொல் மறந்துபோனது. அதைத் தெய்வச் செயலாக எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபது வருடம் ஓடும் பேருந்தில் நின்றபடி ஊரெல்லாம் பேசிப் பழகிய ஒரு கண்டக்டரை, நாற்பத்து நாலு வயதில் நாற்காலியில் உட்காரவைத்து, பேசாத திரையைப் பார் என்றால் ஓடத்தான் செய்வான்.

நாலாவது முறை ஓட வழியில்லை. பேருந்துகள் தாங்களாகவே ஓடக் கற்றுக்கொண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. டிரைவர்கள் போனார்கள். அடுத்தது கண்டக்டர்கள். அவர்களுக்குப் 'பயணத் துணை' என்று ஒரு புது வேலையை உருவாக்கியிருந்தார்கள். கூடையை ஏற்றிவிட, சண்டையை விலக்க, டிரைவர் இல்லாத வண்டியில் பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேச, வண்டிக்கு ஒரு மனிதன். அதற்கு வானவழி இணையக் கல்லூரியின் 'பயணி உறவு' சான்றிதழ் வேண்டும். தேறாதவர்கள் டெப்போவில் பஸ் கழுவும் இயந்திரத்துக்கு எடுபிடி. அந்த இயந்திரம் ஒச்சப்பனை ஏற்கெனவே ஒரு தடவை பஸ் என்று நினைத்து, சோப்புப் போட்டுக் கழுவியிருந்தது.

படிப்பில் நுழைந்ததும் முதலில் வந்தது 'தொடங்குமுன் படிக்கவும்' என்ற அறுபத்திரண்டு பக்கம். அடியில் ஒரு கட்டம்: 'முழுவதும் படித்துப் புரிந்துகொண்டேன்.' ஒச்சப்பன் கட்டத்தைத் தொட்டான். இரண்டு விநாடி ஆனது. அதில் ஒரு விநாடி கட்டத்தைத் தேடுவதற்கு.

அடுத்து வகுப்புப் பலகை. உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள் என்றது. 'நான் ஒச்சப்பன். திருமங்கலம். கண்டக்டர். மூணு தடவை ஓடிப்போனவன்' என்று எழுதினான். ஐந்து நிமிடத்தில் இருபத்தொன்பது பேர் பதில் போட்டுவிட்டார்கள். 'வாங்க அண்ணே!' 'ஓடாதீங்க அண்ணே, நாங்க இருக்கோம்!' வகுப்பில் அவனோடு சேர்த்து முப்பது பேர்.

இந்த முறை அவன் ஓடாததற்கு அவர்கள்தான் காரணம். நித்திலா என்றொருத்தி எப்போதும் ஒரு பாடம் முன்னால் போய், 'இது ஈஸிதான் அண்ணே' என்று எழுதுவாள். கொடியரசு என்பவன் எப்போதும் ஒரு பாடம் பின்னால் இருந்து, 'அண்ணே, எனக்கு ஒண்ணும் ஏறலை' என்பான். அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவாவது ஒச்சப்பன் படிக்க வேண்டியிருந்தது. வசந்தாமணி என்று ஒரு அம்மா, பேச்சே கிடையாது, வாரம் தவறாமல் எல்லோருக்கும் பாடக்குறிப்பு போடும். ஐந்து வாரம் ஓடியது. முதல் தேர்வில் எழுபத்திரண்டு மதிப்பெண். ஒச்சப்பன் தன் வாழ்நாளில் எழுபத்திரண்டு வாங்கியது ரத்த அழுத்தத்தில் மட்டும்தான், அதுவும் கீழ் எண்ணில்.

ஆறாவது வாரம் மகள் மகிழினிக்குக் காதுகுத்து வந்தது. குலசாமி கோயிலில் கெடா வெட்டு.

"கூடப் படிக்கிறவிங்கள விட்டுட்டு எப்படிச் செய்யிறது?" என்றான் ஒச்சப்பன்.

"அவிங்க மொகத்தையாச்சும் பாத்திருக்கீங்களா?" என்றாள் மனைவி தவமணி.

"தெனம் பாக்குறேன். வட்டத்துக்குள்ள இருக்கு."

பத்திரிகையைப் பலகையில் போட்டான். பலகை முழுக்க, 'கண்டிப்பா வர்றோம் அண்ணே' என்று நிறைந்துவிட்டது. வருகிறவர்களுக்கு மரியாதை செய்ய வேண்டும். இருபதடிக்குப் பத்தடி பிளெக்ஸ் அடித்தான். 'விழாவுக்கு வருகை தரும் வகுப்புத் தோழர்களே, வருக வருக!' என்று கொட்டை எழுத்து. கீழே அவர்கள் வட்டத்தில் வைத்திருந்த படங்கள்: இருபத்திரண்டு முகங்கள், நாலு ரோஜாப்பூ, இரண்டு முருகன், ஒரு மாருதி கார். அந்தப் பிளெக்ஸையும் படம் பிடித்து, கெடா எத்தனை கிலோ, பிளெக்ஸ் எத்தனை அடி என்று மூன்று பக்கம் எழுதிப் பலகையில் போட்டான்.

தவமணியின் அண்ணன் கருத்தப்பாண்டி பிளெக்ஸ் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தான்.

"ஏன் மாப்ள, புள்ளைய மடியில வச்சுக் காது குத்தப்போற தாய்மாமன் நானு. என் மொகம் மூலையில தபால்தலை அளவுக்கு இருக்கு. நடுவுல இம்மாம்பெரிசா ஒரு ரோசாப்பூ. அது யாரு, உன் சம்பந்தியா?"

"அது வசந்தாமணி, மச்சான். நல்லாப் படிக்கும்."

"பூவா?"

விருந்தன்று தோழர்களுக்கென்று தனிப் பந்தி. இருபத்தொன்பது இலை, இருபத்தொன்பது தண்ணீர் பாட்டில். யாரையும் அதில் உட்கார விடவில்லை. ஒரு மணிக்கு ஒச்சப்பன் ரோட்டுக்குப் போய் நின்றான். இரண்டு மணிக்கு இலைகள் காற்றில் சுருள ஆரம்பித்தன; ஒவ்வொன்றின் மேலும் ஒரு கல் வைத்தான். மூன்று மணிக்குக் கருத்தப்பாண்டி கையைக் கழுவிக்கொண்டே வந்தான்.

"வந்துருவாய்ங்க மாப்ள. இருபத்தொம்போது பேரும் ஒரே ஆட்டோவுல வர்றாய்ங்கள்ல, மேட்டுல இழுக்காது."

சொந்தபந்தம் முழுக்கச் சிரித்தது. ஒச்சப்பன் சிரிக்கவில்லை. சாயங்காலம் பாத்திரமெல்லாம் ஏற்றி அனுப்பிவிட்டு, போனைத் திறந்து பலகையைப் பார்த்தான்.

'விருந்து பிரமாதம் அண்ணே!' என்று எழுதியிருந்தாள் நித்திலா. 'கறி பஞ்சு மாதிரி இருந்துச்சு.' 'ரசம் ஒரு தனி ருசி அண்ணே.' 'மகள் பட்டுப் பாவாடையில் தேவதை.' கொடியரசு மட்டும் குறைப்பட்டிருந்தான்: 'எனக்கு எலும்பே வைக்கலை அண்ணே. வெறும் குழம்புதான். பரவாயில்லை.' வசந்தாமணி, 'விழா சிறப்பாக நடந்ததில் மகிழ்ச்சி' என்று ஒரே வரி.

தோளுக்குப் பின்னாலிருந்து படித்த கருத்தப்பாண்டிக்கு ரத்தம் கொதித்தது. "எலும்பு வைக்கலையாமா? நீ வரவே இல்லையேடா, பரதேசி!"

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒச்சப்பன் கல்லூரியின் உதவி மையத்துக்குப் போன் போட்டான். பெனிட்டா என்று ஒரு பெண் எடுத்தது. நடந்ததையெல்லாம் சொன்னான்.

"சார், நீங்க 'தொடங்குமுன் படிக்கவும்' படிச்சீங்களா?"

"படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன்னு கையெழுத்தே போட்டிருக்கேனேம்மா."

"படிச்சீங்களா சார்?"

"இல்ல."

"அதுல பதினாலாம் பக்கம் இருக்கு சார். தனியாப் படிக்கிறவங்க ரெண்டாவது வாரமே ஓடிடறாங்க. அதனால கூடப் படிக்க ஆளுங்கள நாங்களே உருவாக்கிட்டோம். உங்க வகுப்புல இருபத்தெட்டு பேர் கம்ப்யூட்டர் உண்டாக்கினவங்க. முன்னால போய் தைரியம் சொல்ல ஒருத்தர், பின்னால நின்னு உங்களைப் பெருமையா உணரவைக்க ஒருத்தர், இப்படி. முட்டாள்தனமாக் கேள்வி கேக்க ஒருத்தர் உண்டு. உங்க வகுப்புக்கு அது தேவைப்படலைன்னு முதல் வாரமே அவரை வேற மாதிரி மாத்திட்டோம்."

ஒச்சப்பன் அதை அப்படியே விழுங்கினான். "வர்றேன் வர்றேன்னு சொன்னாய்ங்களேம்மா."

"அவங்க யார் மனசையும் ஒடிக்க மாட்டாங்க சார். உங்களுக்கு எது பிடிக்குதோ, எதுக்கு நீங்க பதில் போடறீங்களோ, அதைக் கத்துக்கிட்டு அதையே செய்வாங்க."

"சாப்பிட்டேன்னு சொன்னாய்ங்களே!"

"வர்றேன்னு சொன்னா சாப்பிட்டேன்னுதானே சார் சொல்லணும்?"

அப்போதுதான் அவனுக்குக் கணக்கு இடித்தது. "இருபத்தெட்டுன்னா, நான் ஒருத்தன். மிச்சம் ஒண்ணு?"

"அவங்க நிஜம் சார். யாருன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதுதான் உங்க கடைசித் தேர்வே. முப்பத்தொண்ணாம் பக்கம். வகுப்புல இருக்கிற இன்னொரு மனுஷர் யாருன்னு நீங்க எழுதணும். ஒரே பேரு, ஒரே தடவை. இன்னும் பத்து நாள் இருக்கு."

"இதென்னம்மா பரீட்சை?"

"நீங்க போற வேலை அதுதானே சார். வண்டி தானா ஓடுது, டிக்கெட் தானா வருது. மனுஷனைப் பாத்து மனுஷன்னு தெரிஞ்சுக்கத்தான் உங்களை ஏத்தறோம். அவங்களும் உங்களைத் தேடிட்டிருப்பாங்க சார். உங்க பேரை எழுதினாத்தான் அவங்களுக்கும் பாஸ்."

"நீங்களாச்சும் மனுசிதானா?"

"காலை பத்து மணியிலேர்ந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் மனுஷிதான் சார்."

போனை வைத்ததும் ஒச்சப்பன் முதலில் செய்தது, தானே போய்ச் சரணடைந்ததுதான். 'நான் நிஜ மனுசன்' என்று பலகையில் எழுதினான். ஒரே நிமிடத்தில் வரிசையாகப் பதில். 'நானும்தான் அண்ணே!'

அடுத்த மூன்று நாள் கேள்வி கேட்டான். தக்காளி என்ன விலை? எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பல்வலி வந்திருக்கிறதா? எல்லோருக்கும் வந்திருந்தது, அதுவும் கடைவாயில். மாமியாரைப் பிடிக்குமா? பதினேழு பேர் சுற்றி வளைத்தார்கள், பன்னிரண்டு பேர் பேச்சை மாற்றினார்கள். அவனுக்குத் தெரிந்த எந்த மனிதரும் இவர்கள் அளவுக்கு மனிதராக இருந்ததில்லை.

"திட்டிப் பாரு மாப்ள," என்றான் கருத்தப்பாண்டி. கெடா விருந்தில் கைவைக்காதவர்கள் மேல் அவனுக்கு இன்னும் ஆத்திரம் தணியவில்லை. "மனுசன்னா சுர்ருன்னு ஏறும்ல. எவன் திருப்பித் திட்டுறானோ, அவன்தான் ஆளு."

நாலாம் நாள் காலை மச்சானும் மாப்பிள்ளையுமாக உட்கார்ந்து ஒரு வசவைத் தயார் செய்தார்கள். 'ஓசிச் சோறுன்னு சொன்னா ஒம்போது ஊரு தாண்டி வர்றேன்னு சொல்லிட்டு, வராமலே ஏப்பம் விட்ட எருமை மூதி, நீயெல்லாம் ஒரு பொறப்பா?' கருத்தப்பாண்டி இன்னும் இரண்டு வரி சேர்த்தான். தவமணி வந்து அதை அழிக்க வைத்தாள். இருபத்தொன்பது பேருக்கும் தனித்தனியாக அனுப்பினான்.

'உங்கள் கருத்துக்கு நன்றி அண்ணே' என்று இருபத்தொன்பது பதில் வந்தது.

மறுநாள் காலை கொடியரசிடமிருந்து தனியாக ஒன்று வந்தது: 'எலும்பு வைக்க வக்கில்லாதவனுக்கு வாய் என்ன வாய்?'

ஒச்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "திட்டிட்டான் மச்சான்! திட்டிட்டான்!" தெருவுக்கே கேட்கக் கத்தினான். பகல் முழுக்க இருவரும் பலகையிலேயே மாறி மாறித் திட்டிக்கொண்டார்கள். பரம்பரை, மூஞ்சி, நடை, படிப்பு எதையும் விடவில்லை. இருபது வருடப் பேருந்து வாழ்க்கையில் சேர்த்துவைத்த சரக்கையெல்லாம் ஒச்சப்பன் இறக்கினான். மனம் நிறைந்துபோனது. மாலையில் தேர்வுப் பக்கத்தைத் திறந்து 'கொடி' வரைக்கும் எழுதிவிட்டான்.

அதற்குள் போன் டிங்கென்றது. நித்திலா. 'உன் மூஞ்சிக்கு பிளெக்ஸ் ஒரு கேடா?'

பின்னாலேயே இன்னொருத்தன். அப்புறம் மூன்று பேர். அடுத்த நாள் மதியத்துக்குள் இரண்டு முருகனும் ஒரு மாருதி காரும் அவனைக் கழுவி ஊற்றியிருந்தார்கள். எல்லாம் சுத்தமான திருமங்கலத்து வசவு. பாதி அவனே கொடியரசுக்குக் கொடுத்தது.

"பெனிட்டா சொன்னுச்சுல்ல மச்சான்," என்றான் ஒச்சப்பன் தளர்ந்துபோய். "எனக்கு எது புடிக்குதோ அதைச் செய்வாய்ங்கன்னு. நமக்குத் திட்டுனாப் புடிக்குதுன்னு கண்டுபுடிச்சிட்டாய்ங்க."

"அப்ப எல்லாருமே திட்டுறாய்ங்களா?"

ஒச்சப்பன் எண்ணினான். விரல்விட்டு ஒரு முறை, வாய்விட்டு ஒரு முறை. இருபத்தெட்டு. திட்டாதது வசந்தாமணி மட்டும். அந்த அம்மாவிடமிருந்து வந்த கடைசிச் செய்தி: 'உங்கள் கருத்துக்கு நன்றி. ஏழாம் பாடக்குறிப்பு இணைப்பில் உள்ளது.'

"இது சுத்த மெஷினு," என்றான் கருத்தப்பாண்டி. "சொரணையே இல்ல பாரு."

ஒச்சப்பன் அந்த ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், உள்ள போ, உள்ள போன்னு நான் தொண்டை கிழியக் கத்துவேன். உள்ள எடம் இருக்கும். ஒருத்தன் படியிலயே நிப்பான். கெஞ்சினாலும் நிப்பான், திட்டினாலும் நிப்பான். என் சௌகரியத்துக்காக நகரவே மாட்டான். மெஷின்னா நகந்திருக்கும்ல?"

வசந்தாமணி என்று எழுதி அனுப்பினான்.

மூன்றாம் நாள் சான்றிதழ் வந்தது. தவமணி அதைச் சட்டம் போட்டு மாட்டினாள். கருத்தப்பாண்டி இதற்கும் ஒரு பிளெக்ஸ் வைக்கலாமா என்று கேட்டான். ஒரே முகம்தான், செலவு குறைவு என்றான். ஒரு வாரத்தில் ஒச்சப்பனுக்கு உசிலம்பட்டி வழித்தடத்தில் பயணத் துணை வேலை. முதல் நாள் பகல் பதினொரு மணி, வண்டியில் பாதிக் கூட்டம். தெரியாத எண்ணிலிருந்து போன்.

"ஏனுங்க, ஒச்சப்பன் அண்ணனுங்களா? நான் வசந்தாமணி பேசறனுங்க. தாராபுரத்துலிருந்து. என்னையக் கண்டுபுடிச்சவருன்னு காலேஜுல நம்பர் குடுத்தாங்க."

ஒச்சப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டான். "அம்மா! நீங்களும் கண்டக்டரா?"

"ஆமாங்க. பதினெட்டு வருசம்."

"பாஸ்தானே?"

"இல்லீங்க. நான் கொடியரசுன்னு எழுதிப்போட்டனுங்க."

வண்டி நிறுத்தத்தில் தானாக நின்றது. நாலு பேர் ஏறினார்கள். ஒச்சப்பன் யாரையும் பார்க்கவில்லை.

"அந்தத் திட்டை வச்சா எழுதுனீங்க?"

"அதுக்கு முன்னாடியே குடுத்துட்டனுங்க. நான் எதையும் கடைசி நாளுக்கு வைக்கறதில்லை. விருந்துல எலும்பு வரலைன்னு கொறை சொன்னாரு பாருங்க, அதைப் படிச்சதும் இவருதான் மனுசன்னு நெனச்சுட்டேன்."

"நான் கெடா வெட்டி விருந்தே போட்டேனேம்மா! என்னைய எப்படி விட்டீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. நான் அந்த அறுபத்திரண்டு பக்கமும் படிச்சுட்டுத்தான் சேந்தேன். பெரும்பாலும் மெஷினுன்னு தெரியும். அதுல ஒருத்தரு, மொகந்தெரியாத இருபத்தொம்போது பேத்துக்கு இருபதடி பிளெக்ஸ் வைக்கறாரு. பூவையும் காரையும் போட்டு வருக வருகங்கறாரு. யாருங்க நம்புவாங்க? மெஷினு கதை விடுது, கொஞ்சம் அளவு மீறிப்போச்சுன்னு நெனச்சேன். அப்பறம் 'நான் நிஜ மனுசன்'னு வேற எழுதினீங்க. நெச மனுசன் எவனாச்சும் அப்படிச் சொல்லிக்குவானுங்களா?"

"உங்களத் திட்டுனதுக்கு..."

"மெஷினுன்னு நெனச்சுத்தானுங்க சும்மா விட்டேன். மனுசன்னு தெரிஞ்சிருந்தா தாராபுரத்துப் பேச்சு எப்படீன்னு காட்டியிருப்பேன்."

"இப்ப வேலை?"

"பஸ் கழுவற எடத்துல போட்டிருக்காங்க. சித்திரையில மறுபடி எழுதலாமாங்க." குரலில் அழுகை இல்லை. பொருள் விலை சொல்வது போலச் சொன்னாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா? நெசமாவே பாப்பாவுக்குக் காது குத்துனீங்களா?"

"ஆமாம்மா."

"அழுதாளா?"

"அழுதா. ஒரு காது குத்துனதும் மச்சான் மடியிலிருந்து எந்திரிச்சு ஓடிட்டா. இன்னொரு காதுக்கு நாலு பேரு கோயிலைச் சுத்தித் தொரத்துனோம். எனக்கு வேட்டி அவுந்துபோச்சு. அதோடயே மூணு சுத்து ஓடுனேன். கடைசியில ஆசாரி ஒரு காதுக்கு மட்டும் கூலி வாங்கிட்டுப் போயிட்டாரு. இன்னும் இன்னொரு காது குத்தலை."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. இருமல் வரும்வரை சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

"அதை எழுதியிருக்கலாம்லங்க," என்றாள். "கெடா எத்தனை கிலோ, பிளெக்ஸ் எத்தனை அடின்னு மூணு பக்கம் எழுதினீங்க. இதை ஒரு வரி எழுதியிருந்தா உங்க பேரைப் போட்டிருப்பனுங்க."

"மன்னிச்சுக்கங்கம்மா."

"அட விடுங்க. டூட்டி பாருங்க."

போன் வைக்கப்பட்டது. யாரோ கூடையைத் தூக்கிவிடச் சொன்னார்கள், தூக்கிவிட்டான். பின்னிருக்கையில் யாரோ சண்டை போட்டார்கள், போய் விலக்கினான். ஜன்னலோரத்தில் ஒரு மனிதர் டிரைவர் இருக்கையையே வெறித்துப் பார்த்தபடி கம்பியைப் பிடித்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தான். மூன்று பிள்ளைகள் என்றார் அவர். மூத்தது என்ன படிக்கிறது என்று கேட்க வாயெடுத்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

எழுந்து படிப்பக்கம் போனான். அதே எண்ணுக்குப் போட்டான். வெகுநேரம் மணி அடித்தது.

"சொல்லுங்க," என்றாள் வசந்தாமணி. "இன்னும் திட்டு ஏதாச்சும் பாக்கி இருக்குதுங்களா?"

"இல்லம்மா. உங்களுக்கு எத்தனை பிள்ளைகன்னு கேக்க மறந்துட்டேன்."

அந்தப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. அவள் யாரிடமோ, "குழாயை மூடு, ஒரு ஆளு பேசறாங்க," என்றாள்.